பதிப்புரிமை: ஆன்சி எஸ்.

1

ஜெர்மனியில் எனக்கு என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப்போய் ஒருமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன். களியக்காவிளையில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்தில் இருந்த மாமா ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அடுத்தவனுக்க பேரு வாசிக்கதுக்காக்கும் உனக்குச் சம்பளம்" என்றார். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்களில் ஒரு கூட்டம், எழுதியதைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்குத் திறந்து போட்டுவிடுகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கிற பொருளுக்குள்ளும் வைக்கலாம். பதிலுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் கேட்பார்கள். கோப்பின் தலையில் ஒரு வரி இருக்கும்: பதிப்புரிமை, இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, இன்னார். அதன் கீழே உரிமம். அந்த இரண்டையும் அழிக்காமல், நிரல் போகும் இடமெல்லாம் கூடவே கொண்டுபோக வேண்டும். அதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் கூலி.

நான் வேலை செய்யும் கம்பெனி ஊல்ம் நகரத்தில் இருக்கிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் காட்டும் மின்பலகைகள் செய்கிறார்கள். ஒரு பலகைக்குள் முகம் தெரியாத எத்தனையோ பேர் எழுதியது இருக்கும். அவர்கள் எல்லோருடைய பெயரும், பலகையோடு போகும் ஆவணத்தில் விடுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அந்த ஆவணத்தை யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒரு பெயர் விட்டுப்போனால் வழக்கு வரும் என்பதால் என்னை வைத்திருக்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. பலகையில் மலையாளமும் தமிழும் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறாமல் எழுத்துகளைச் சின்னத் திரையில் உட்காரவைக்க, எங்கள் பொறியாளன் எங்கிருந்தோ ஒரு சிறு நிரலை எடுத்துச் சேர்த்திருந்தான். காலையில் காபியோடு உட்கார்ந்து பெயர்களை ஓட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பிரெஞ்சுப் பெயர், ஒரு ஜப்பானியப் பெயர், அதற்கடுத்து ஆன்சி எஸ்., பாறசாலை.

ஆன்சி என் தம்பி செல்வனின் மகள். ஒன்பது வயதில் எலிப்பனி என்று எங்கள் பக்கம் சொல்லும் காய்ச்சல் வந்து செத்துப்போனாள். அந்த வரியில் இருந்த முதல் ஆண்டே அவள் அடக்கத்துக்குப் பிறகுதான் வந்தது. கடைசி ஆண்டு, நாங்கள் இருந்துகொண்டிருந்த ஆண்டு.

2

அவள் செத்தபோது நான் போகவில்லை. போக விடவில்லை என்று சொல்வதுதான் சரி. என் வதிவிட அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அட்டை கைக்கு வராமல் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சொன்னாள். தம்பியின் பிள்ளை நெருங்கிய உறவுக் கணக்கில் வராது என்றும் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் அடக்கத்தை போனில் பார்த்தேன். பிரேமாவை, செல்வனின் மனைவியை, இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். நெட் போய்ப் போய் வந்தது. மண் போடும்போது முழுதாகப் போய்விட்டது.

இந்த இடத்தில் எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்களுடையது கேரள எல்லைப் பக்கத்துப் பழைய மிஷன் சபை. ஆலயத்துக்குள் பெயரில்லாத பொருள் கிடையாது. பெஞ்சின் முதுகில் பெயர், கடிகாரத்தின் அடியில் பெயர், ஃபேன் இறக்கையில்கூடப் பெயர் எழுதியிருக்கும். கரண்ட் போனால் வாசிக்கலாம். எல்லாமே செத்தவர்களின் பெயர். "இன்னாரின் நினைவாகக் குடும்பத்தார்" என்றுதான் எழுதுவார்கள். கொடுக்கிறவன் தன் பெயரை எழுதக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் எழுதினார். ஸ்பீக்கர் பெட்டி வாங்கிக் கொடுத்து அதில் தன் பெயரையே போட்டார். "அவனுக்கு அம்புட்டு அவசரமா" என்று ஊர் கேட்ட கேள்வி அவர் நிஜமாகச் சாகும்வரை ஓயவில்லை.

செல்வன் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறான். சபையில் பாட்டுகளைத் திரையில் காட்டத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. பெரியவர்கள் தமிழில் வாசிப்பார்கள். பிள்ளைகள் படிப்பது மலையாளப் பள்ளி, அவர்களுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். ஒரே பாட்டை இரண்டு எழுத்திலும் அருகருகே காட்ட வேண்டும். அதற்காக அவன் எழுதியதுதான் அந்த நிரல். மகள் செத்த பிறகு, வேறு செய்ய ஒன்றும் இல்லாத மாதங்களில், அதைச் செம்மைப்படுத்தி இணையத்தில் திறந்து போட்டான். போடும்போது ஆயத்தமாக ஒரு வரி வந்து நின்றது. பதிப்புரிமை, ஆண்டு, பெயர். பெயருக்கான இடம் காலியாக இருந்தது.

பெயர் எழுத ஓர் இடம் இருந்தால் செத்தவர்களின் பெயரை எழுத வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது அதுதான். அவன் எழுதிவிட்டான்.

3

ஃப்ராவ் கெஸ்லர் எங்கள் கம்பெனியின் வழக்கறிஞர். அறுபதை நெருங்கும் பெண்மணி. சிரிப்பதற்குக்கூட முன் அனுமதி வாங்கவேண்டும் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தப் பெயரைப் பார்த்ததும் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவள் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவள் சொன்னாள், இந்திய எழுத்து நிரலின் ஆசிரியை உன் ஊர்ப் பக்கம் போலிருக்கிறது, நான் எழுதிக் கேட்டேன், பதில் போட்டுவிட்டாள் என்று.

திரையை என் பக்கம் திருப்பினாள். ஆங்கிலத்தில் சுருக்கமான பதில். உங்கள் பலகையில் என் நிரல் பயன்படுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, உரிம வரியை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள், ஜெபங்களுடன், ஆன்சி.

ஜெபங்களுடன் என்று முடிக்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியாதா. எங்கள் வீட்டில் கரண்டாபீஸுக்கு எழுதும் புகாரைக்கூட அப்படித்தான் முடிப்போம்.

நல்ல பெண், மரியாதையான பெண் என்றாள் கெஸ்லர். முக்கியமான பாகம் என்பதால், நான்தான் எழுதினேன் என்று அவளிடம் ஓர் உறுதிமொழியும் அடையாள அட்டையின் நகலும் வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

நான் பேசாமல் வந்திருக்கலாம். உறுதிமொழி வராது, நிரலைத் தூக்கி வீசிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வார்கள், எவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்தப் பதிலைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அவள் என் தம்பியின் மகள், செத்துப்போய்விட்டாள் என்றேன். ஜெர்மன் மொழியில் சாவுக்கு மனிதருக்கு ஒரு சொல்லும் மிருகத்துக்கு ஒரு சொல்லும் உண்டு. இத்தனை வருஷம் இங்கே இருந்தும், பதற்றத்தில் மிருகத்துக்கான சொல் வாயில் வந்துவிட்டது. கெஸ்லர் அதைத் திருத்தவில்லை. திரையில் இருந்த பதிலை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

"அப்படியானால் எனக்குப் பதில் எழுதியது யார்?" என்றாள்.

4

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த நிரலின் பொதுப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். நான் வாசித்திருக்கக் கூடாது.

இப்படித் திறந்து போட்ட நிரலுக்கு ஒரு பக்கம் உண்டு. பயன்படுத்துகிறவர்கள் அங்கே வந்து பிழைகளைச் சொல்வார்கள், சந்தேகம் கேட்பார்கள், சில பேர் திட்டவும் செய்வார்கள். எல்லோரும் ஆன்சியை விளித்தே எழுதியிருந்தார்கள். ஆன்சி, இந்த எழுத்து உடைகிறது. ஆன்சி, அடுத்த பதிப்பு எப்போது. நன்றி ஆன்சி, என் வேலையைக் காப்பாற்றினாய். எல்லாவற்றுக்கும் ஆன்சி பதில் எழுதியிருந்தாள். பொறுமையாக, பணிவாக, கடைசியில் ஜெபங்களுடன். ஒவ்வொரு வருஷமும் அவள் பிறந்த நாளில் ஒரு சின்னத் திருத்தம் செய்து, பதிப்புரிமை வரியில் ஆண்டையும் நீட்டியிருந்தான் செல்வன். எதையும் மாற்றாமல் ஆண்டை மட்டும் நீட்டுவது முறையில்லை என்று அவனுக்குத் தெரியும். அதற்காகவே ஒரு பிழையைத் தேடிப் பிடித்துச் சரிசெய்திருக்கிறான்.

ஒருமுறை பல மாதம் பதில் இல்லாமல் இருந்திருக்கிறது. அப்போது எவனோ ஒருவன் கேட்டிருந்தான்: இந்தத் திட்டம் செத்துவிட்டதா, ஆன்சி உயிரோடு இருக்கிறாளா. அந்த உலகத்தில் இது சாதாரணமான கேள்வி. யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அதற்கும் பதில் இருந்தது. ஆம், இங்கேதான் இருக்கிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆன்சி.

கெஸ்லர் மறுநாள் தீர்ப்பைச் சொன்னாள். உண்மையில் எழுதியவர் முன்வந்து வரியைத் திருத்த வேண்டும். பெயர் குறிப்பிடப்பட்டவர் இதில் எதையும் எழுதவில்லை என்று கையெழுத்திட வேண்டும். செய்தால் பரிசீலிக்கலாம், செய்யாவிட்டால் நிரல் வெளியே போகும். காகிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்றேன். ஈஸ்டர் விடுமுறை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் என் மகள் மிரியம் வீட்டுக்கு வந்தாள். வேறு ஊரில் படிக்கிறாள். நான் தமிழில் பேசுவேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போல அது நடந்துவருகிறது. விஷயத்தைச் சொன்னேன். நிரலின் நகலை எடுத்து மாமா பெயரில் புதிதாகத் தொடங்கிவிட்டால் போச்சே, எதற்கு இவ்வளவு அழுகை என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆன்சி எது? ஊஞ்சலில் என்னைத் தள்ளிவிட்டதே, அதுவா?" என்று கேட்டாள். தள்ளிவிட்டது வேறொரு பெண். ஆன்சியும் இவளும் ஒரே வயது, ஒரு விடுமுறை முழுக்க ஒரே பாயில் படுத்தவர்கள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கும் அப்போது ஏழெட்டு வயதுதான் என்பது நினைவுக்கு வந்த பிறகும் கோபம் போகவில்லை.

5

உதியங்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது செல்வன் பைக்கோடு நின்றான். முடி நன்றாக நரைத்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம். கம்பெனிக்காரர்கள் எழுதியதை அவன் எனக்கு ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தான், நான்தான் பிடிகொடுக்காமல் இருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அதே பேச்சுதான்.

"எனக்க பிள்ளைக்க பேரு இனி ரயிலுக்குள்ள போவும், இல்லியா அக்கா" என்றான்.

காற்றில் கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் முன்னறையில் வைத்துச் சொன்னேன். அவர்கள் கேட்பது ஆன்சியின் பெயரை அல்ல, உன் பெயரை என்றேன். காகிதத்தை நீட்டினேன். அவன் வாங்கி வாசித்தான். பிறகு எனக்கே சட்டம் சொல்லித்தரத் தொடங்கினான். அந்த வரியை எவரும் அழிக்கக் கூடாது என்று உரிமத்தில் தெளிவாக இருக்கிறது, அதைக் காப்பாற்றுவதற்குத்தானே உனக்குச் சம்பளம் என்றான். ஞாயிறு பள்ளிக்கு அவள் பெயரில் ஒரு பெஞ்சு செய்து கொடுத்தோமே, அது எங்கே என்று கேட்டான். ஆலயத்தைப் புதுப்பித்தபோது பழைய பெஞ்சுகளை எல்லாம் வெளியேற்றிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, பெஞ்சு உளுத்துப்போயிருந்தது.

"அது போட்டும்" என்றான். "மரமாக்கும், உளுக்கும். இது அப்பிடி இல்ல. இத எடுக்கிய ஒவ்வொருத்தனும் அவளுக்க பேரக் கூடக் கொண்டுபோணும். போவலன்னா கேசு. இந்த மாதிரி ஒரு கல்லறை ஆருக்கு உண்டு அக்கா?"

"எழுதினவன் மாத்தலாம் மக்கா. அதுக்குத் தடை இல்ல" என்றேன்.

"மாத்த மாட்டேன்."

"பேரு கிடக்கட்டும்லே. அவளா இருந்து பதில் எழுதுறியே, அது என்னத்துக்கு?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. முதலில் ஒருவன் நன்றி ஆன்சி என்று எழுதினான், அதைத் திருத்த மனசு வரவில்லை, அவ்வளவுதான் என்றான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆள் இல்லாமல் போனது, வெளியே எங்கெங்கோ இருந்து கூப்பிடுகிறார்கள், யாராவது விளி கேட்டுப் பதில் சொல்ல வேண்டாமா என்றான்.

பிரேமா அதுவரை அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். பெருங்கடவிளையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை அவளுக்கு. அதிகம் பேசாதவள். என்னிடம்தான் பேசினாள், அவனிடம் அல்ல.

"எனக்க மவ செத்துப்போனா அக்கா. இவருக்கு மவ சாவல்ல. காலையில எழும்பி அவளுக்கு வந்த மெயில் வாசிச்சிட்டாக்கும் பல்லு தேய்க்கப் போறது. இவரு அவளுக்கக்கூட இருக்காரு. நான் இந்த வீட்டுல தனியாக்கும். அவ சீவனோட இருக்காளான்னு ஒருத்தன் கேட்டான். ஆமான்னு இவரு எழுதியத நான் பார்த்தேன். அண்ணு தொட்டு இண்ணுவரைக்கும் அவளுக்க படத்துல விளக்கு வைக்க எனக்குக் கை வரல்ல. மதி, போதும் அக்கா. அவ போவட்டு."

செல்வன் காகிதத்தை மடித்து மேசையில் வைத்தான். பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நானும் பிரேமாவும் மிச்ச மத்தியானத்தை மரச்சீனிக் கிழங்கு உரிப்பதில் கழித்தோம்.

6

வெள்ளறடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திச் சும்மா இருந்துவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னான். மறுநாள் காலை ஆலயம் முடிந்து வந்ததும், வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், "அக்கா, அந்தக் கடலாசக் கொண்டு வா" என்றான்.

காகிதத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை வாய்விட்டு வாசித்தான். பாடம் நடத்துகிறவர்களுக்கு அப்படி ஒரு பழக்கம். இந்த நிரலை முழுவதும் நானே எழுதினேன். பதிப்புரிமை வரியில் பெயர் குறிப்பிடப்பட்டவர் இதன் எந்தப் பகுதியையும் எழுதவில்லை. இரண்டாவது வாக்கியத்தை இன்னொரு தடவை வாசித்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். இந்தக் காகிதத்தை ஊல்மில் அச்செடுத்தவள் நான், பையில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவள் நான். அந்த நேரத்தில் எனக்கு என் வேலையின்மீது இருந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

வரியைத் திருத்துவதற்கு நேரம் ஆகவில்லை. அவள் பெயரை அழித்தான், தன் பெயரை எழுதினான். ஆண்டுகள் அப்படியே நின்றன. எழுதியது அவன் என்பதால் அவை இப்போது சரியான ஆண்டுகள்தான். பிறகு பொதுப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட வேண்டும். அதைத்தான் வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தான். எழுதுவான், அழிப்பான். பிரேமா பின்னால் வந்து நின்றாள், தோளைத் தொடவில்லை.

கடைசியில் நின்றது இவ்வளவுதான். பதிப்புரிமை வரி திருத்தப்பட்டது. ஆன்சி என் மகள். ஒன்பது வயதில் இறந்துபோனாள். இதை எழுதியது நான். உங்களுக்குப் பதில் எழுதியதும் நான். மன்னியுங்கள். செல்வன்.

ஜெபங்களுடன் என்று போடவில்லை.

7

நான் ஊல்முக்குத் திரும்பிக் காகிதத்தைக் கெஸ்லரிடம் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் கூட்டம் கூடி முடிவெடுத்தார்கள். ஆசிரியர் இத்தனை காலம் வேறு பெயரில் பதில் எழுதியிருக்கிறார் என்பதால் நம்பகத்தன்மை குறைவு, வேறொரு நிரலைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பக்கக் குறிப்பு வந்தது. குறிப்பின் நகல் எனக்கும் வந்தது. கெஸ்லர் என் மேசைக்கே வந்து வருத்தம் தெரிவித்தாள். அது அவள் செய்கிற காரியம் அல்ல, அந்த வகையில் பெரிய விஷயம். ஆக, அந்த ரயில்பலகையில் ஆன்சியும் இல்லை, செல்வனும் இல்லை. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். யாரும் யாருக்கும் கேடு நினைக்காமலே இத்தனையும் நடந்தது.

பொதுப் பக்கத்தில் பதில்கள் வந்து குவிந்தன. நான் அலுவலகத்திலேயே வாசித்தேன். பிரேசிலிலிருந்து ஒருவர், போலந்திலிருந்து ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண். ஒருவன் மட்டும் கோபப்பட்டிருந்தான், இத்தனை வருஷம் ஒரு செத்த குழந்தைக்கா நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. இன்னொருவன் ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதிவிட்டு, அதே மூச்சில் ஒரு பிழையையும் சொல்லியிருந்தான். மற்றவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். செல்வன் அவள் எப்போது இறந்தாள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு அது போன வாரம் நடந்த சாவு. திடமாக இருங்கள் என்று எழுதியிருந்தார்கள். இந்த முதல் நாட்களைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்று ஒருவர், தானும் பிள்ளையைப் பறிகொடுத்தவர், எழுதியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரேமா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம். செல்வன் கல்லூரிக்குப் போகாமல் ஒரு வாரமாகிறது, ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை என்றாள். டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தோம் என்றாள். சபையிலிருந்து ஆட்கள் வந்து ஜெபித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்காக இப்போது என்று அவர்களுக்கும் பிடிபடவில்லை.

"நீ கேட்டபடி ஆச்சே பிரேமா" என்றேன். ஆறுதலாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

"ஆச்சு அக்கா" என்றாள். "இப்பதான் அவரு கரையுதாரு. பிள்ளைய எடுத்துக்கொண்டு போன அண்ணு ஒரு சொட்டுக் கண்ணீரு விடல்ல. இப்ப அவளுக்க உடுப்ப எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, இண்ணு போனது மாதிரிக் கரையுதாரு. நான் அண்ணு ஒத்தைக்கிருந்து கரஞ்சேன், வருஷக்கணக்குல கரஞ்சேன். இப்ப அவருக்கக்கூட இருந்து கரையலாம்னு போய்ப் பக்கத்துல இருக்கியேன். எனக்கு வரல்ல அக்கா. எல்லாம் தீந்துபோச்சு."

அவள் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. உள்ளறையில் என் தம்பி அழுவது கேட்டுக்கொண்டிருந்தது.